பேர் வெட்டாத தட்டுகள்

ராகலையில் குப்பை டிராக்டர் ஓட்டுகிறேன்.
கடவுள்களை எனக்கு
மறுநாள் காலையில்தான் பழக்கம்.

தேர் இறங்கிய மறுநாள் என்றால் மூன்று லோடு.
லஞ்ச் ஷீட்டில் ஒட்டிய சோறு,
மழையில் ஊறிய ரெஜிபோம் அலங்காரத்தில்
பாதி மயில்.
வெசாக் முடிந்தால் கூடுகள்;
ஈரத் தாளின் சிவப்பு
ரெண்டு நாளைக்கு விரலை விட்டுப் போகாது.
நத்தார், பெருநாள்,
எல்லாம் எடைதான் எனக்கு.

ஐப்பசி மழையில் பாலத்தடி மதகு அடைத்தது.
தண்ணீர் ஏறி
பத்தாம் நம்பர் லயத்தின் பின்சுவரைத்
தேயிலைக்குள் கொண்டுபோய்ப் போட்டது.
சாவு இல்லை.
ஓர் ஆடு. ஒரு தையல் மெஷின்.
இடுப்பளவு சேற்றில் நின்று
அடைப்பை இழுத்தவன் நான்.
பொலித்தீன் கொடி, மலர்வளையக் கம்பி,
கஞ்சிக் கப்பு, கற்பூரப் பெட்டியின் உறை,
ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டு
கயிறாக வந்தது.
யாருடையது என்று கேட்டார் சபைச் செயலாளர்.
பிரிக்கத் தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

கூட்டம் என்றார்கள்.
யார் இடத்தில் என்பதிலேயே மூன்று வாரம் போனது.
கடைசியில் என் டிராக்டர் கொட்டகை:
அங்கே எல்லோருக்கும் ஒரே நாற்றம்.
யார் முதலில் பிரார்த்திப்பது என்று இழுபடும்போது
தகரத்தில் மழை இறங்கியது.
உதடுகள் அசைவது தெரிந்தது,
ஒரு சொல்லும் கேட்கவில்லை.
நல்லதாய்ப் போயிற்று.

லஞ்ச் ஷீட்டை விடுவோம் என்றார் சீவலி தேரர்.
வாழையிலை என்றார் பூசகர் முத்துவேலாயுதம்.
எங்கள் குளிரில் வாழையிலை முழம் தாண்டாது;
கீழேயிருந்து லொறியில்தான் ஏற வேண்டும்,
லொறிக்கும் புகை உண்டு.
மாதா கோயிலில் தட்டு இருக்கிறதே,
நூற்றைம்பது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்
சிஸ்டர் பெர்னதெத்.

ஒரு மௌனம்.
அந்த மௌனத்தில்
இறைச்சி வெந்துகொண்டிருந்தது.

வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்ற தவமலர்,
சுவர் போன வீட்டுக்காரி,
உள்ளே வராமலே சொன்னாள்:
"சீட்டுக் காசு இந்த மாசம் எனக்குத்தான் விழுந்துச்சு.
சுவரு சபை கட்டித் தருதாம்.
அது வர்ற வரைக்கும் காசு சும்மாதானே கெடக்கும்?
புதுத் தட்டு வாங்குவோம்.
நீங்கல்லாம் மெதுவா திருப்பித் தாங்க.
ஆனா ஒண்ணு,
பேரு வெட்டக் கூடாது."

எங்கள் பக்கம் பேர் வெட்டாத பாத்திரம்
களவுப் பாத்திரம்.
கலியாணச் செம்பிலிருந்து கருமாதிக் கிண்ணம் வரை
யாராவது ஒருவர் புள்ளி புள்ளியாய் இருப்பார்.
இவை இருநூறும்
வெறும் முகத்தோடு வந்து இறங்கின.
குனிந்தால்
சாப்பிடுகிறவன் மூஞ்சிதான் அதில்.

கஞ்சிக்குத் தட்டு உதவாதே என்று சிரித்த
மஸாஹிர் ஹாஜியார்
பள்ளிவாசலின் பின்குழாயைத் தந்தார்.
நகரில் கோடையிலும் வற்றாத ஒரே குழாய்.
அன்னதானத்துத் தட்டு அங்கே கழுவுப்பட்டது.
கழுவிய நீர் சரிவில் இறங்கி
மண்பிடிக்க நட்ட மூங்கிலுக்குப் போனது.
மூங்கில் இன்னும் முழங்கால்தான்.

எல்லோரும் மனம் மாறவில்லை.
பதினொரு பேர் தங்கள் லஞ்ச் ஷீட்டோடு வந்து
ஓரமாய் நின்று தின்றார்கள்.
அந்தப் பதினொன்றையும் மறுநாள் நான்தான் பொறுக்கினேன்.
சோடா போத்தல்கள் வேறு;
அவற்றுக்கு மதமே இல்லை.

ஆனாலும் இந்த முறை தேருக்கு
ஒன்றரை லோடு.
மீதி ஒன்றரையின் இடத்தில்
பெட்டி காலியாய்க் குலுங்கியது,
வளைவுகளில் அந்தச் சத்தம்
எனக்குப் புதிது.

தவமலருக்குப் பாதிக் காசு வந்துவிட்டது.
சுவர் வரவில்லை, படங்குதான் தொங்குகிறது.

வெசாக் தன்சலுக்கு எண்ணி ஏற்றச் சொன்னார்கள்.
நூற்றெண்பத்தாறு.
பேர் இல்லாததை யாரிடம் கேட்பது?
ஒன்று லயத்தில் கோழிக்குத் தண்ணி வைக்கிறது.
ஒன்று தேநீர்க் கடையில் வடையை மூடுகிறது.
ஒன்று என் வீட்டில்.

கொண்டுவந்து வைத்துவிடுவேன்,
வெசாக்குக்கு இன்னும்
நாலு நாள் இருக்கிறது.